பொப்லர்: பூவரசின் பெயருக்குள் இருக்கும் மரம்

பொப்லர் என்பது வட அரைக்கோளத்தின் ஈரத் தாழ்நிலங்களிலும் ஆற்றோரங்களிலும் காடாக வளரும், வில்லோ குடும்பத்தைச் சேர்ந்த மரப் பேரினமாகும். அதன் இலத்தீன் பெயர் பொப்புலுஸ். அஸ்பென் எனப்படுவனவும் இப்பேரினத்தவையே.

இலங்கையின் வன்னிக் காடுகளில் இம்மரம் இல்லை. ஆயினும் அதன் பெயர் நம் வேலிகளில் நிற்கிறது. நாம் கதியாலாக நடும் பூவரசின் அறிவியற் பெயர் தெஸ்பேசியா பொப்புல்னியா. பின்சொல்லின் பொருள் 'பொப்லரை ஒத்தது' என்பதாகும். 1753இல் லின்னேயசு பூவரசைச் செம்பரத்தையின் பேரினத்தில் வைத்தபோதே இச்சொல்லைச் சூட்டிவிட்டார். ஒப்புமை இலையில் உள்ளது. அதே இலையில் தமிழர் அரச மரத்தைக் கண்டனர். அரசின் பூ காய்க்குள் ஒளிந்திருக்க, இது மஞ்சளாகப் பூத்து, வாடும்போது செந்நீலமாக மாறுவதால் பூவரசு ஆயிற்று. 'பூக்களின் அரசு' என்று பிரிப்போரும் உளர். அரசிலையின் நீண்ட வாலை மட்டும் கிள்ளிவிட்டுப் பூவரசிலையோடு சேர்த்துப் பார்த்தால், முதல் விளக்கமே பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் பொப்லருக்கு என்ன சொல்வது? ஆதியாகமம் 30:37இல் யாக்கோபு வெட்டும் கொப்புகளுள், ஆங்கில வேதாகமம் பொப்லர் என்னுமிடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்புப் 'புன்னை' என்கிறது. புன்னையோ முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் பழகிய, ஆண்டு முழுதும் தடித்த இலையோடு நிற்கும் மரம். பொப்லர் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிடும். நெட்டிலிங்கம் என எழுதுவதும் உயரத்தை மட்டும் பார்த்த முடிவே.

ஆகவே பேரினத்தைப் பொப்லர் என்றே எழுதி, அஸ்பெனை மட்டும் 'நடுங்கிலைப் பொப்லர்' எனலாம். ஐரோப்பிய அஸ்பெனின் இலத்தீன் அடைமொழியான திரெமுலாவுக்கும் நடுங்குவது என்பதே பொருள். அதன் இலைக்காம்பு பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால், மற்ற மரங்கள் உணராத காற்றுக்கும் இலை படபடக்கிறது. வடமொழியில் அரசுக்கும் சலதளம், அதாவது அசையும் இலை, என்றொரு பெயருண்டு.

இக்காடுகளைத் தோப்பு, அதாவது நட்டு வளர்த்த மரக்கூட்டம், என்பதிலும் கவனம் வேண்டும். நடுங்கிலைப் பொப்லர், வாழை குட்டி போடுவதுபோல, வேரிலிருந்து கன்றுகளைக் கிளப்பிப் பரவுவது; அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஏறத்தாழ 43 ஹெக்டேயரில் நிற்கும் சுமார் 47,000 தண்டுகள் ஒரே மரத்தினுடையவை. ஆற்றோரப் பொப்லர்கள் பலவற்றின் பஞ்சு விதை, வெள்ளம் வடிந்த ஈர வண்டலில் உடனே விழுந்தால்தான் முளைக்கும். அவற்றின் கொப்பை வெட்டி நட்டாலும், நம் பூவரசங் கதியாலைப்போலத் துளிர்த்துவிடும். நடுங்கிலைப் பொப்லர் அதற்கு எளிதில் இணங்குவதில்லை.