வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

"நோட்டுல கையெழுத்து மட்டும் வாங்கிட்டாங்க சார். மேல என்ன எழுதினாங்கன்னே தெரியாது." அரசுப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுத் தலைவியான ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்து சொன்னது இது. வழக்கறிஞர் தொழிலில் இதே புகாரை வேறு வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். ஹெச்.எம். கூப்பிட்டால் போய் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் குழுவின் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள்.

குழுவை உண்டாக்கியது ஹெச்.எம். இல்லை, நாடாளுமன்றம். 2002இல் அரசியலமைப்பின் 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதை நடைமுறைப்படுத்த 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது; 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 21ஆவது பிரிவுதான் இந்தக் குழு. உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். மொத்தம் எத்தனை பேர் என்ற விவரத்துக்குள் சட்டம் போகவில்லை. மீதியை மாநில அரசு விதிகளாக எழுதிச் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும்; தமிழ்நாடு 2011இல் எழுதியது. விதிக்குக் கீழே அரசாணை, அதற்கும் கீழே சுற்றறிக்கை. 20 பேர் இருந்த குழு 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆனதெல்லாம் இந்தக் கீழ்ப்படிகளில் நடந்ததுதான். ஆனால் பெற்றோரின் முக்கால் பங்கில் அங்கே யாரும் கை வைக்க முடியாது.

நான் பெற்றோரிடம் அழுத்திச் சொல்வது 22ஆவது பிரிவை. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் குழு தயாரிக்க வேண்டும். அரசு ஒதுக்கும் மானியத்துக்கு அதுவே அடிப்படை. கழிப்பறைக்குக் கதவு இல்லை என்று கூட்டத்தில் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், அது திட்டத்தில் ஏறாவிட்டால் பள்ளி வாசலைத் தாண்டாது. (உதவிபெறும் பள்ளி, சிறுபான்மைப் பள்ளி என்றால் 2012 திருத்தத்துக்குப் பின் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். சுயநிதிப் பள்ளிக்கு இந்தப் பிரிவே பொருந்தாது.)

சரி, அந்த அம்மா என்ன செய்தார்? அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். கதவு விஷயத்தை எழுதச் சொன்னார். கீழே மிச்சமிருந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, தேதி போட்டு, அப்புறம்தான் கையெழுத்து. ஹெச்.எம். ஒன்றும் சொல்லவில்லையாம், பேனாவை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டாராம்.