காலையில் மரக்கட்டை

அந்தத் தம்பிக்கு 24 வயது. சிங்கப்பூரில் தேசிய சேவை என்ற கட்டாயப் படைப் பணியின்போது தொடங்கிய முதுகு வலி. மூட்டை தூக்கியதால் வந்தது என்று அப்போது சொன்னார்களாம். சேவை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் விடவில்லை. வீட்டில் வாயுப் பிடிப்பு என்று கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு, கடைசியில் அம்மாவோடு என் பிசியோதெரபி அறைக்கு வந்தார்.

"காலையில மரக்கட்டை மாதிரி இருக்கு. குளிச்சுட்டு எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் நடந்தா சரியாயிடும். ஞாயித்துக்கிழமை படுத்தே கிடந்தாதான் மோசம்."

தசைப்பிடிப்போ ஜவ்வுப் பிரச்சினையோ என்றால் பெரும்பாலும் படுத்தால் இதமாக இருக்கும், வேலை செய்தால் வலிக்கும். இங்கே தலைகீழ். 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதம் தாண்டி, ஓய்வில் கூடி, நடந்தால் குறையும் வலி என்றால் அழற்சி இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். விடியற்காலையில் வலி எழுப்புகிறதா, குதிகால் வலிக்கிறதா, கண் சிவந்து வலித்ததுண்டா என்று கேட்டேன். போன வருஷம் கண் சிவந்து சொட்டு மருந்து போட்டாராம். கண்ணுக்கும் முதுகுக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

அம்மா குறுக்கிட்டார். "பரம்பரை தம்பி. இவன் தாத்தாவும் கூன் விழுந்துதான் நடந்தாரு. என்ன செய்யறது?"

என்னை உறுத்துவது இந்த 'என்ன செய்யறது'தான். பரம்பரை என்று தெரிந்தால் முன்கூட்டியே பார்க்க வேண்டும். நாமோ அத்தோடு விட்டுவிடுகிறோம்.

நான் சந்தேகித்த நோய் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் நாள்பட்ட அழற்சி. எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1973இல் வெளிவந்தது. ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேரிடம் அது உண்டு. ஆனால் அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. பி27இலும் உட்பிரிவுகள் உண்டு. சீன நோயாளிகளிடம் அதிகம் தென்படுவது 27:04. நம் தென்கிழக்காசியாவில் காணப்படும் 27:06க்கோ இந்த நோயோடு தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாமல், ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு தூக்கமின்றி வந்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன். அவருக்கு என்னிடம் சிகிச்சை எதுவும் தேவைப்படவில்லை, அரை மணி நேரப் பேச்சைத் தவிர.

தம்பிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, பாலிகிளினிக் வழியாக மூட்டுநோய் நிபுணரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரே சுத்தம். இந்த நோயில் எக்ஸ்ரே மாற்றம் காட்டப் பல வருஷம் பிடிக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. எம்ஆர்ஐயில் இடுப்பெலும்பு மூட்டுகளில் அழற்சி தெரிந்தது. இப்போது அழற்சியைக் குறைக்கும் மாத்திரை, வாரத்தில் மூன்று நாள் நீச்சல், தினமும் நான் கொடுத்த பயிற்சி. மாத்திரை போதாவிட்டால் ஊசி மருந்துகளும் உண்டு. சிகரெட்டை விடச் சொன்னதற்கு மட்டும் இன்னும் சிரிக்கிறார்.

போன வாரம் அம்மா கேட்டார்: "சின்னவளுக்கும் அந்த ஜீன் டெஸ்ட் எடுத்துடலாமா?"

பிள்ளைகளுக்கு அது கைமாறும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, ஆனால் தொந்தரவு இல்லாதவருக்கு எடுத்துப் பயனில்லை என்றேன். "அவளுக்கு முதுகு வலி இருக்காம்மா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல. காலையில எழுந்ததும் குதிகால் வலிக்குதும்பா, அவ்வளவுதான்."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.