ஓய்வு நேரமெல்லாம் தூக்கம் ஆகாது

2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூர் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். கருப்புப் பெட்டியில் பதிவாகியிருந்த இரண்டு மணி நேரச் சொச்சத்தில், முதல் ஒரு மணி நாற்பது நிமிடம் கேப்டன் பேசவே இல்லை, குறட்டைதான் கேட்டது. எழுந்த பிறகு, இறங்குவதற்குத் தகாத உயரத்தில் விமானத்தைக் கொண்டுவந்தார். மேலே போய்ச் சுற்றி வருவோம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் இறங்கினார்.

இளம் விமானிகளுக்குப் பயிற்சி தரும்போது இந்த விபத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டேன். "தூங்கியதால்தானே வந்தது?" என்பார்கள். நீண்ட நேரம் தூங்கி, இறங்கும் வேளைக்குச் சற்று முன் எழுந்ததுதான் வினை. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்குக் கண் திறந்திருக்கும், புத்தி தெளிந்திருக்காது. துணை விமானியிடம் சொல்லிவிட்டு, நடுவானில் அளவாகக் கண்ணயர்வது நல்லதே. நாசா ஆய்வில் 40 நிமிட அவகாசம் பெற்ற விமானிகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். இறங்கும்போது, தூங்காதவர்களைவிட விழிப்பாக இருந்தார்கள்.

இரண்டு பணிகளுக்கு நடுவே விமானிக்குக் குறைந்தது 12 மணி நேர ஓய்வு என்கிறது நம் நாட்டு விமானப் போக்குவரத்து விதி. விடுதிக்குப் போக, வர, குளிக்க, சாப்பிட ஆகும் நேரம் போக மிஞ்சுவதுதான் தூக்கத்துக்கு. இரவெல்லாம் விமானம் ஓட்டியவருக்கு அதுவும் பட்டப்பகலில் வாய்க்கும். திரைச்சீலை இடுக்கில் வெயில் நுழையாமலிருக்க, பேன்ட் மாட்டும் ஹேங்கரின் கிளிப்பால் இரு திரைகளையும் சேர்த்துக் கவ்வவைப்போம். உடம்பு அப்போதும் ஏமாறாது.

கொட்டாவி வந்தால்தான் களைப்பு என்று நினைக்காதீர்கள். அதிகாலை இரண்டிலிருந்து ஆறு மணிக்குள், கட்டுப்பாட்டு அறை தந்த அலைவரிசையைச் சரியாகத் திருப்பிச் சொல்லியிருப்போம். அதை ரேடியோவில் பதிக்கப் போனால் கடைசி எண் நினைவில் இருக்காது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலக் குறைகிறது. மதுவைக் கண்டுபிடிக்கப் பணிக்கு முன் ஊதச் சொல்கிறார்கள். களைப்பை விமானியே சொன்னால்தான் உண்டு. களைத்தவருக்கோ தன் களைப்பின் அளவு தெரிவதில்லை.

அதனால்தான் விதி வேண்டும். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. இரவுப் பணியில் ஒரு விமானிக்கு அனுமதிக்கப்பட்ட தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. 2024 ஜனவரியில் வெளியான இந்த விதிகள் 2025 நவம்பரில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, பயணிகள் நிலையங்களில் தவித்தபோது, விதிதான் காரணம் என்று சிலர் பேசியது எனக்கு வேதனையாக இருந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம் இருந்ததே! அதற்குள் கூடுதல் விமானிகளைச் சேர்க்காதது விதியின் குற்றமா? அந்த நெருக்கடியில் இரவுப் பணி விதிகளுக்கே தற்காலிக விலக்கு தரப்பட்டதுதான் எனக்குக் கவலை.

விமானி களைப்பைச் சொல்லி விலகியதால் உங்கள் விமானம் தாமதமானால் கோபப்படாதீர்கள். அவர் தன் கடமையைத்தான் செய்திருக்கிறார். இளம் விமானிகளே, களைப்பாக இருந்தால் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பணி ஒதுக்கும் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.