தற்காப்பு: சொல்லுக்குள்ளேயே இருக்கும் எல்லை

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் கராத்தே வகுப்பு நடக்கிறது. அதற்குப் பதாகை அடிக்க வேண்டும், எழுத்துப் பிழை பார்த்துத் தாருங்கள் என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். ‘போர்க்கலை வகுப்பு’ என்று எழுதியிருந்தது. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் நான் ‘போர்’ என்பதை வெட்டிவிட்டுத் ‘தற்காப்பு’ என்று எழுதினேன். ஏன் என்று மாஸ்டர் கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தன் + காப்பு = தற்காப்பு. பின்னால் ககரம், பகரம் போன்ற வல்லினம் வர, னகரம் றகரமாகத் திரிகிறது. தற்கொலை, தற்பெருமை எல்லாம் இப்படி வந்தவைதான். (தற்காலிகம் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை, அது வடமொழி ‘தத்கால’ வழி வந்தது.) இதன் வினை வடிவம் பழையது. ‘தற்காத்துத் தற்கொண்டாற் பேணி’ என்று திருக்குறளிலேயே இருக்கிறது. அங்கே அடிதடிப் பேச்சே இல்லை.

காப்பு என்ற சொல்லை நாம் எங்கெல்லாம் சொல்கிறோம்? கைவளையும் காப்பு. கோயில் திருவிழாவில் மணிக்கட்டில் கட்டுகிற மஞ்சள் கயிறும் காப்பு. நூலின் தொடக்கத்தில் பாடுகிற பாட்டும் காப்பு. எதுவும் இன்னொருவரைத் தாக்குவதில்லை. காவலும் அதே ‘கா’விலிருந்து வந்ததுதான். காலபோக நெல் முற்றுகிற நாட்களில் வன்னியில் வயலோரம் கொட்டில் போட்டு இரவிரவாகக் காவல் இருப்பார்கள். யானை வந்தால் தீ மூட்டுவார்கள், தகரம் தட்டுவார்கள், வெடி கொளுத்துவார்கள். அது காட்டுப் பக்கம் திரும்பிவிட்டால் பின்னால் துரத்திக்கொண்டு போவதில்லை. திரும்பிப் போக அதற்கு வழியும் விட்டிருப்பார்கள்.

பழந்தமிழர் இந்த வித்தியாசத்தை நன்றாகவே அறிந்திருந்தார்கள். மதிலை முற்றுகையிடுவது உழிஞை, உள்ளே இருந்து அதைக் காப்பது நொச்சி என்று புறப்பொருள் வெண்பாமாலை தனித்தனித் திணைகளாகவே பிரிக்கிறது. காப்பவர் சூடிய பூ நொச்சி. நம் வேலியோரம் நிற்கிற, காய்ச்சல் தடிமனுக்கு இலை பிடுங்கி ஆவி பிடிக்கிற அதே நொச்சிதான். தாக்குகிறவனுக்கு ஒரு பூ, காக்கிறவனுக்கு வேறு பூ. எனக்கு இது பெரிய விசயமாகப் படுகிறது.

இனிக் கராத்தே. இது ஒகினாவாத் தீவின் கலை. முன்பு இதை எழுதிய எழுத்துகளுக்குச் ‘சீனக் கை’ என்று பொருள். ‘கரா’ என்ற ஒலிக்கே வெறுமை என்ற பொருள் தருகிற இன்னோர் எழுத்தும் உண்டு. 1936இல் நாஹா நகரில் கூடிய ஆசான்கள் அதையே ஏற்றார்கள். ஒலி மாறவில்லை, பொருள் ‘வெறுங்கை’ ஆனது. நம்மிடம் இருந்த சீனடி என்ற சண்டைக் கலையின் பெயரும், பிரித்துப் பார்த்தால், சீனம், அடி என்றுதான் நிற்கிறது. கராத்தேயை ஜப்பானில் பரப்பிய கிச்சின் ஃபுனாகோஷி விட்டுச்சென்ற 20 நெறிகளில் ஒன்று, கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை என்பது.

மாஸ்டரின் கேள்விக்குப் பின்னால் ஒரு கதையும் இருந்தது. வகுப்புப் பெடியன் ஒருவன் ஒழுங்கையில் சண்டை பிடித்துவிட்டு வந்திருந்தான்.

“அவன்தான் முதல் அடிச்சவன், மாஸ்டர்.”

“சரி. அதைத் தடுத்தனீ, விழுத்தினனீ. விழுந்தாப் பிறகு ஏன் உதைஞ்சனீ?”

பெடியன் பெல்ட்டின் நுனியைத் திருகிக்கொண்டே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, “கோவம் வந்திட்டுது” என்றான்.

முதல் அடியைத் தடுத்தது தற்காப்பு. விழுத்தியதும் தற்காப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். அந்த உதை வேறு. அதற்குப் பழிதீர்த்தல் என்று பெயர். ‘தன்னைத்தான் காக்கின் சினங்காக்க’ என்கிறார் வள்ளுவர். தன்னைக் காக்க நினைக்கிறவன் முதலில் தன் கோபத்தைக் காக்க வேண்டும்.

சட்டமும் அங்கேதான் கோடு போடுகிறது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு தற்காப்புரிமையை ஏற்கிறது. ஆனால் காக்கத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தரவில்லை. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சத்தோடு அந்த உரிமை தொடங்குகிறது, அச்சம் நீங்க அதுவும் நீங்குகிறது. ஆகவே அடி விழும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. டியூசன் முடிந்து இருட்டில் வருகிற பிள்ளையின் கையை ஒருவன் பிடித்தால், அவனுடைய பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையிலுள்ள இடைவெளிப் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி இழுக்க வேண்டும். பிடி அங்கேதான் தளர்வு. கை விடுபட்டதும் கத்திக்கொண்டு ஓட வேண்டும். இதைச் செய்யத் தயங்கவே கூடாது என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் தற்காப்புத்தான்.

‘மார்ஷல் ஆர்ட்ஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் போர்க்கலை என்றுதான் வரும். மார்ஷல் என்ற சொல் ரோமரின் போர்க்கடவுள் மார்ஸிடமிருந்து வந்தது. வாளும் வேலும் பயின்ற பழைய படைகளின் வித்தைக்கு அந்தப் பெயர் சரி. போருக்குள் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் வெறுங்கையோடு பழகுகிற இடத்தில் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘பாதுகாப்பு’ என்றும் போடலாமே என்றார் ஒருவர். 2009இல் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதை அறிந்த சனத்துக்கு அந்தச் சொல் ஆறுதல் தராது.

கடைசியில் ‘கராத்தே: தற்காப்புக் கலை வகுப்பு’ என்று பதாகை அடித்தோம். கராத்தேக்குத் தமிழ்ப் பெயர் தேடவில்லை. அது ஒகினாவாக்காரர் தங்கள் கலைக்கு வைத்த பெயர். நம் சிலம்படியை அவர்கள் பழகினால் அதைச் சிலம்படி என்றே சொல்ல வேண்டும் என்றுதானே நாமும் விரும்புவோம்.