ஊட்டிக்காக வாங்கிய வண்டி, பள்ளிக்கூடம் போகும் வண்டி

“அண்ணா, ஏதோ ஆரஞ்சு லைட் எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது.” கோவையில் உள்ள என் ஒர்க்‌ஷாப்புக்கு இப்படிச் சொல்லிக்கொண்டு வராத மாதம் இல்லை. தினமும் எங்கே ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்பேன். வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், அலுவலகம், எல்லாம் சேர்த்து ஆறு கிலோமீட்டர் என்பார்கள். வண்டியைப் பார்த்தால் டீசல்.

2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்தபின் விற்கும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. டிபிஎஃப் என்போம். சேர்ந்த கரியை அதுவே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்குக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். அதற்கு வண்டி நிற்காமல் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். நெரிசலான காந்திபுரத்தில் எங்கே ஓடுவது? பாதி எரியும்போதே பள்ளிக்கூட வாசலில் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். கரி ஏறிக்கொண்டே போய், அந்த ஆரஞ்சு லைட் எரிகிறது. எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் இறங்கி, ஆயிலும் நீர்த்துப்போகிறது. லைட்டைக் கண்டுகொள்ளாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் ஃபில்டரையே மாற்ற வேண்டி வரும். அந்த பில்லை நீட்டும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

“ஏங்க டீசல் எடுத்தீங்க?” என்றால், “ஊட்டி ஏறணும்ல?” என்பார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை! ஐந்து பேர், பைகள், ஏசியோடு சாதாரண பெட்ரோல் எஞ்சினும் மலை ஏறிவிடும். கியரைக் கொஞ்சம் அடிக்கடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான். டர்போ பெட்ரோல் என்றால் அந்தக் கவலையும் குறைவு. தினமும் ஈரோடு, திருப்பூர் என்று நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு டீசல் அருமையான வண்டி. அவரை நான் தடுக்கவே மாட்டேன்.

ஆட்டோமேட்டிக் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள வண்டியில், மே மாத நெரிசலில் ஊட்டி மலைப்பாதையில் கல்லாறுக்கு மேல் ஊர்ந்து போகும்போது, பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை மேட்டில் நிறுத்திவைக்காதீர்கள். கிளட்ச் சூடேறிவிடும்.

சரி, இடவசதி. மாருதி பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான் கார்கள் இரண்டும் 3,995 மில்லிமீட்டர் நீளம். நான்கு மீட்டரைத் தாண்டினால் வரி கூடும் என்பதால் இந்த அளவு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. நீளம் மட்டும் போதாது, பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளும் டீசல் 1,500 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். 1,462 சிசி பெட்ரோல் எஞ்சினோடு வரும் பிரெஸ்ஸா, நீளத்தில் தேறியும் 40-இல் மாட்டுவது இதனால்தான். ஆக, நான்கு மீட்டருக்குள் வண்டி செய்யும் கம்பெனிகள் எல்லோரும் ஒரே அளவுப் பெட்டிக்குள்தான் இடம் பிரிக்கிறார்கள். பின்சீட்டில் கால் நீட்ட இடம் கூடினால் டிக்கியில் குறையும். சிஎன்ஜி, அதாவது எரிவாயுவில் ஓடும் வண்டி என்றால் சிலிண்டர் டிக்கியில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று திறந்து பாருங்கள்.

சன்ரூஃப் பற்றிக் கேட்காதீர்கள். வேப்பமரத்தடியில் நிறுத்துபவர்களின் வண்டியில் சருகு போய்த் தண்ணீர் வடியும் குழாய் அடைத்து, மழையன்று தலையில் சொட்டும். கூரை வழியே பிள்ளையை எழுந்து நிற்கவிடுபவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம், டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதே தம்பி, வீட்டில் எல்லோரையும் கூட்டிப்போ என்றேன். முதல் வண்டியில் ஏற, முட்டிவலிக்காரரான அவருடைய அம்மா இரண்டு முறை முயன்றுவிட்டு, “நான் பஸ்லயே வர்றேன்பா” என்றாராம். தரை சற்றுத் தாழ்வாக இருந்த இரண்டாவது வண்டியில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். அதையே எடுத்தார்கள், பெட்ரோலில். சன்ரூஃப் இல்லையென்று அவருடைய பையன்தான் இன்னும் முறைத்துக்கொண்டு திரிகிறானாம்.