பனிக்குள் பறக்கும் பூநாரை: கிட்டே போகாமல் படம் எடுக்க

மார்கழி, தை மாதங்களில் கோடியக்கரை உப்பளங்களிலும் பழவேற்காடு ஏரியிலும் விடியும்போது வானமும் தண்ணீரும் ஒரே வெண்மையாக இருக்கும். அந்த வெண்மைக்கு ஆசைப்பட்டுத்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறோம். ஆனால் எடுத்த படத்தைத் திரையில் பார்த்தால் வானம் அழுக்குச் சாம்பலாகவும் பறவை மங்கலாகவும் இருக்கும். "தூரம் அதிகம்" என்று முடிவுகட்டிப் பலர் பத்தடி முன்னே நகர்வார்கள், பிறகு இன்னும் பத்தடி. கடைசியில் கூட்டம் மொத்தமாக எழுந்து போய்விடும். பனிக்காலத்தில் பறவைகள் கலைக்கப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். படம் மங்கியதற்குக் காரணம் பல நேரம் தூரமல்ல, கேமராவின் அமைப்பு. அதைச் சரிசெய்தால் நின்ற இடத்திலிருந்தே நல்ல படம் கிடைக்கும்.

முதல் தவறு ஒளி அளவில் நடக்கிறது. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். சட்டகம் முழுக்க வெண்பனி இருந்தால் அதையும் இருட்டாக்கிவிடும். மீட்டரின் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம்) மேடு வலப்பக்கம் போக வேண்டும், ஆனால் ஓரத்தில் முட்டக் கூடாது. பனிக்குள் ஒளி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் பரவியிருப்பதால் முழு மேனுவலில் (எல்லா அளவையும் நாமே வைக்கும் முறை) வைப்பது இன்னும் நல்லது. பறவை வானத்திலிருந்து கருவேலமரப் பின்னணிக்குப் பறந்தாலும் அளவு மாறாது. சூரியன் ஏற ஏற, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்தினால் போதும். குறைவான ஒளியில் எடுத்துவிட்டுக் கணினியில் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். இறக்கையின் அடிப்பக்கம் முழுக்க மணல்மணலாக நாய்ஸ் வரும். ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) 3200-இல் சரியான ஒளியில் எடுத்த படம், 800-இல் இருட்டாக எடுத்து ஏற்றிய படத்தைவிடப் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

அடுத்தது ஃபோகஸ். ஆட்டோ ஃபோகஸ் கான்ட்ராஸ்டைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. பனியில் அது இல்லாததால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடும், அதற்குள் பறவை போய்விடும். டெலி லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும், ஃபோகஸ் தேடும் எல்லையைக் குறுக்கும் லிமிட்டர் ஸ்விட்சைத் தூரப் பொருள்களுக்கு மட்டும் என்ற நிலையில் வையுங்கள். பறவை வரும் முன்பே, ஏறக்குறைய அதே தொலைவில் உள்ள மூங்கில் கழி, படகு, உப்புக் குவியல் எதிலாவது ஃபோகஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி அடர்பனியில் அடிக்கடி ஏமாற்றும், நடுவில் ஒரு சின்ன ஃபோகஸ் பகுதியைத் தேர்ந்தெடுத்துத் தொடர் ஃபோகஸில் பின்தொடர்வதே நம்பகமானது. லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். 1.4 மடங்கு ஒரு ஸ்டாப் ஒளியையும் (அதாவது பாதி) 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பையும் தின்றுவிடும். அந்த வெளிச்சத்தில் அந்த இழப்பைத் தாங்க முடியாது.

ஷட்டர் வேகம் பறவையைப் பொறுத்தது. பூநாரைக்கு 1/1600 விநாடி போதும். சிறகை விரித்து மிதக்கும் கூழைக்கடாவுக்கு 1/1000. திடீரென்று திரும்பி நீரில் பாயும் ஆலாவுக்கு 1/2500-க்குக் கீழே இறங்க வேண்டாம். அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6 முதல் 8 வரை. எஃப் 16 பக்கம் போனால் சென்சாரில் ஒட்டிய தூசெல்லாம் வெறும் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். புறப்படும் முன்பே எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒருமுறை எடுத்துப் பார்த்துத் துடைத்துவிடுங்கள். ரா ஃபைலில்தான் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுக்க வேண்டும். ஜேபெக் கோப்பில் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் வழவழப்பான வானத்தில் படிப்படியாகக் கோடுகள் விழும். பனி நீக்கும் ஸ்லைடரையும் அளவோடு பயன்படுத்துங்கள், பனிக்காகத்தானே அங்கே போனோம்.

இனித் தூரக் கணக்கு. முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 500 மி.மீ. லென்ஸ் வைத்தால் 100 மீட்டருக்கு அப்பால் சுமார் 7 மீட்டர் அகலம் சட்டகத்தில் அடங்கும். ஒன்றரை மீட்டர் சிறகு விரித்த பூநாரை அதில் ஐந்தில் ஒரு பங்கு. தனிப் பறவையின் உருவப்படத்துக்கு இது சிறியது, ஆனால் பனிவானப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது. வரிசையாகப் போகும் ஏழெட்டுப் பறவைகளும் அவற்றின் முன்னே வெற்று வெளியும் வேண்டும். தொடுவானம் கண்ணுக்குத் தெரியாததால் படம் சாய்ந்துவிடும், திரையில் மட்டக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பறக்கும் படத்துக்காகப் பறவையைப் பறக்க வைக்க வேண்டியதில்லை, காற்றைப் பார்த்தால் போதும். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும், எதிர்த்துத்தான் இறங்கும். காற்றும் சூரியனும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், இறங்கும் பறவை உங்களை நோக்கி, முகத்தில் வெளிச்சத்தோடு வரும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி உப்பளத்தைப் பார்த்து நிற்பது இதனால்தான் பலன் தரும். நிழலுருவாக எடுக்க வேண்டுமானால் கிழக்கே திரும்புங்கள். சூரியன் பனிக்குள் வெள்ளித் தட்டாகத் தெரியும் கொஞ்ச நேரம்தான் அதற்கு வாய்ப்பு. வெயில் ஏறியபின் உப்புத் தரையிலிருந்து எழும் கானல் படத்தை நெளிய வைக்கும், எந்த விலையுள்ள லென்ஸாலும் அதை மீற முடியாது. அப்போது மூட்டை கட்டிவிடலாம்.

கூச்சலிட்டோ பைக்கை விரட்டியோ கூட்டத்தைக் கிளப்புவதை இந்த வேலையில் மன்னிக்கவே முடியாது. பூநாரை தலைகீழாக அலகை நீரில் வைத்து வடிகட்டி உண்பது, மணிக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. ஆர்க்டிக் பகுதியிலிருந்து வரும் சிறு உள்ளான்கள் திரும்பிப் போக, உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அந்தச் சேமிப்புதான் கரைகிறது. பறவை முன்கூட்டியே சொல்லும்: மேய்ந்த தலைகளில் ஒன்றிரண்டு நிமிரும், பிறகு எல்லாக் கழுத்துகளும் நேராகும், பிறகு கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். முதல் தலை நிமிர்ந்ததுமே நின்று, மெல்ல உட்காருங்கள். கழுத்துகள் நேரானால் பின்வாங்குங்கள். கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது, 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே செல்ல வனத்துறை அனுமதி வேண்டும். ட்ரோனைப் பையில்கூட எடுத்துப் போகாதீர்கள்.

கருவிக்கும் கடற்கரை பொல்லாதது. ஏசி அறையிலிருந்து நேராக ஈரக்காற்றுக்கு வந்தால் லென்ஸ் வியர்த்துவிடும், சில சமயம் உள்ளேயும். முந்தைய இரவே ஏசியை நிறுத்திவிடுங்கள், அல்லது பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். உப்பு படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ப்ளோயரால் ஊதிவிட்டுப் பிறகு துடையுங்கள். கேமராவின் உடம்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்கலாம். ட்ரைபாட் காலைக் கழற்றிக் கழுவிக் காயவைக்காவிட்டால் பூட்டுகள் இறுகிவிடும்.

கோடையில் அதே உப்பள வரப்புகளில் நெடுங்கால் உள்ளான் தரையிலேயே முட்டையிடும். மண் நிறத்தில் இருக்கும், காலடியில் வந்தால்கூடத் தெரியாது. பறவை தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால் கூடு பக்கத்தில் இருக்கிறது. அதுவும் பறக்கும் படம்தானே என்று நின்று எடுக்காதீர்கள். தாய் இல்லாத முட்டையை வெயில் வேகவைத்துவிடும். வந்த காலடித் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி நடங்கள்.