பழைய இரும்பு காப்பாற்றும் என்று நம்பியிருப்பவர்களுக்கு

"இந்தக் காலத்து வண்டியெல்லாம் வெறும் தகரம் சார், லேசா இடிச்சாலே அப்பளமா நொறுங்கிடுது. இது 1965 இரும்பு, ஒண்ணும் ஆகாது." மிச்சிகனில் பழைய அமெரிக்கக் கார்களைப் பழுதுபார்க்கும் என் பட்டறையில், பனிக்காலம் முடிந்து வண்டிகள் கொட்டகையைவிட்டு வெளியே வரும் ஒவ்வோர் ஆண்டும், ஓரிரு சொற்கள் முன்பின்னாக, இதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் பழகியிருந்தேன். சென்ற மாதம் இதைச் சொன்னவர், இங்கே கார் நிறுவனமொன்றில் பொறியாளராக இருக்கும் நம்மூர்க்காரர். புதிதாக வாங்கிய ஃபோர்டு மஸ்டாங் கன்வர்ட்டிபிளின் பின் இருக்கையில் தம் குழந்தைகள் இருவரையும் உட்காரவைத்து ஓட்டி வந்திருந்தார். பின்னால் சீட் பெல்ட் கிடையாது. கார்புரேட்டரைச் சரிசெய்து குரோமியத்துக்கு மெருகேற்றித் தந்தால் போதும், பிரேக்கில் கைவைக்க வேண்டாம் என்றும் சொன்னார். இனியும் சும்மா இருப்பது என் தொழிலுக்கு அழகில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

பழைய வண்டிகளை வெறுப்பவன் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். 1959 கேடிலாக்கின் வானத்தைப் பார்த்து நிமிர்ந்த வால் துடுப்புகளையும், 1961 லிங்கன் கான்டினென்டலின் பின்னோக்கித் திறக்கும் பின்கதவுகளையும், நடுவில் தண்டு ஓடும் பின்கண்ணாடியோடு 1963 என்ற ஒரே ஓர் ஆண்டு மட்டும் வந்த கார்வெட்டையும் பார்க்கும்போது இன்றும் கையிலுள்ள ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிற்பவன் நான். 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமாகி, முதல் ஓராண்டிலேயே 4 லட்சத்துக்கும் மேல் விற்றுத்தீர்ந்த மஸ்டாங், சாதாரண ஃபால்கன் காரின் அடித்தளத்தின்மேல் ஓர் அழகான உடலைப் பொருத்திச் சம்பளக்காரனுக்கும் எட்டும் விலையில் கொடுத்த வண்டி. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சினைச் சுற்றி இரு கைகளையும் தாராளமாக விட்டு வேலை செய்யலாம். இன்றைய வண்டியில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே சில நேரம் கையேட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இந்த அழகுக்காகவும் எளிமைக்காகவும் அவ்வண்டியை நேசியுங்கள். அதற்கு இல்லாத ஒரு பலத்தை இருப்பதாக நம்பிக் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வாகன நிறுத்துமிடத்தில் 1957 செவ்ரோலே பெல் ஏரின் பம்பரில் புதிய கார் ஒன்று மெதுவாக மோதினால், புதிய வண்டியின் முகப்பு கிழிந்து தொங்கும்; பெல் ஏரின் குரோமியப் பம்பரில் ஒரு கீறல் விழும். பார்த்தவர் அன்றே தீர்ப்பு எழுதிவிடுகிறார். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் எது தாங்குகிறது என்பது காப்பீட்டு நிறுவனத்தின் கவலை. 60 கிலோமீட்டரைத் தாண்டிய மோதலில் முகப்பு நசுங்க மறுத்தால், அந்த விசை போய்ச்சேர வேறு இடம் வேண்டும். அந்த இடம் ஓட்டுபவரின் மார்பு. புதிய வண்டியின் முகப்பு நொறுங்குவது குறைபாடன்று. நொறுங்குவதற்காகவே அதை வடிவமைத்திருக்கிறார்கள். நொறுங்கும் அந்தப் பகுதிக்குப் பின்னால், கதவுத் தூண்களிலும் கூரை விளிம்புகளிலும், பழைய வண்டிகளின் எந்தப் பாகத்திலும் காணமுடியாத அளவு உறுதியான எஃகைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். விபத்தில் சிக்கிய புதிய காரை வெட்டி ஆளை மீட்கும் தீயணைப்பு வீரர்களுக்கு அந்தத் 'தகரம்' எவ்வளவு கடினமானது என்று தெரியும்.

பழைய வண்டி நசுங்காது என்பதும் பொய். இதற்குக் கண்கண்ட சாட்சி இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனங்களின் கழகம், தன் ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு, வர்ஜீனியாவிலுள்ள தன் சோதனைக்கூடத்தில் 1959 பெல் ஏரையும் 2009 செவ்ரோலே மாலிபுவையும் ஓட்டுநர் பக்கம் ஓட்டுநர் பக்கத்தைச் சந்திக்கும்படி, இரண்டையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. பெல் ஏரின் முன்பகுதி மட்டுமன்றி ஓட்டுநர் அமரும் அறையே மடிந்தது. ஸ்டீயரிங் சக்கரம் மேலும் பின்னுமாக எழும்பி வந்தது. அதன் ஓட்டுநர் இடத்தில் வைத்த சோதனைப் பொம்மையின் தலை சக்கரத்திலும் கூரையிலும் மெத்தையில்லாத இரும்பு டேஷ்போர்டிலும் அடுத்தடுத்து மோதியது. முன்கண்ணாடி முழுவதுமாகக் கழன்றது. ஓட்டுநர் கதவு திறந்துகொண்டது. மாலிபுவின் பொம்மைக்குப் பாதத்தில் காயம் ஏற்படக்கூடும் என்பதே அறிக்கையில் எழுதப்பட்டது. அந்தக் காணொளி இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும், "அந்த வண்டிக்குள்ள எஞ்சினே இல்லையாம் சார்" என்று ஒருவர் புறப்பட்டு வருவார். இருந்தது, ஐயா, ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. அந்த மாடலின் எக்ஸ் வடிவச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், பலவீனமானது என்று வாதிடுபவர்களின் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அதை வைத்துக்கொண்டு மற்றப் பழைய வண்டிகளெல்லாம் கோட்டை என்று முடிவுகட்டுவது எந்த ஊர் நியாயம்?

'கனமான இரும்பு' என்ற சொல்லையும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிவிடுவோம். 1965 மஸ்டாங்கின் எடை எஞ்சினைப் பொறுத்துச் சற்று மாறினாலும் சுமார் 1,200 கிலோ. 2024 மஸ்டாங் ஜி.டி. 1,700 கிலோவுக்கும் மேல். சாலையில் எதிரே வரும் ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 2015 மாடலிலிருந்து அலுமினிய உடலோடு வந்தும், உங்கள் 'இரும்பை'விடப் பல நூறு கிலோ கூடுதலானது. இரும்புப் பெருமை பேசுபவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் கார்வெட்டோ, ஃப்ளின்ட் நகரில் முதல் 300 வண்டிகள் கையால் செய்யப்பட்ட 1953 முதல் இன்றுவரை ஒருநாளும் இரும்பு உடலோடு வந்ததில்லை. அன்று கண்ணாடியிழை, இன்று வேறு கலப்புப் பொருள்கள்.

இனி நம் பொறியாளரின் வண்டிக்கு வருவோம். லிஃப்டில் ஏற்றி முன்சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் ஹோஸுக்குக் கறுப்பு வண்ணம் அடித்துப் புதிதுபோலக் காட்டியிருந்தார்கள். விரலால் வளைத்ததும் உலோக முனைக்குப் பக்கத்தில் ரப்பர் வாய்பிளந்து உள்ளிருக்கும் நூலிழை தெரிந்தது. 1965, 1966 மஸ்டாங்குகளில், பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். நான்கு சக்கரங்களின் பிரேக்கும் அந்த ஒன்றையே நம்பியிருப்பவை. ஏதேனும் ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. 1967 மாடலில்தான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை வந்தது. டயர்களில் பட்டன் தேயவே இல்லை, அவற்றைக் காட்டித்தான் விற்றவர் விலை பேசியிருக்கிறார். உட்பக்கச் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தால் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் 2304, அதாவது 2004-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். வெளிப்பக்கம் மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த எண் பெரும்பாலும் கண்ணில் படாது. மூன்றே இலக்கங்கள் இருந்தால் அந்த டயர் 2000-க்கும் முந்தையது. அதை ஓட்டிச் சென்று எறியக்கூட வேண்டாம், வேறு வண்டியில் ஏற்றிப் போய் எறியுங்கள். அன்று அந்தக் குடும்பம் வாடகைக் காரில் வீடு திரும்பியது. வண்டி இன்னும் என் லிஃப்டில் இருக்கிறது.

கண்ணுக்குப் படாத இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். அந்த மஸ்டாங்கில் ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து முன்பக்கத்திலுள்ள ஸ்டீயரிங் பெட்டிவரை ஒரே திடமான இரும்புத் தண்டு ஓடுகிறது. முகப்பு பின்னால் தள்ளப்பட்டால் அதுவும் வரும். பெட்ரோல் டேங்கின் மேல்தகடே டிக்கியின் தரை. டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் நடுவே முறையான இரும்புத் தடுப்பு இல்லை. பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் பெட்ரோல் எங்கே வரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதே பின் இருக்கையில்தான் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் காலத்துப் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். 1956-லேயே ஃபோர்டு, நடுப்பகுதி குழிந்த ஸ்டீயரிங் சக்கரத்தையும் மோதலில் எளிதில் திறக்காத கதவுப் பூட்டையும் கொண்டுவந்தது. மெத்தை வைத்த டேஷ்போர்டும் பெல்ட்டும் கூடுதல் விலைக்குக் கிடைத்தன. ஆனால் எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்று சொல்ல அரசு வர வேண்டியிருந்தது. 1966 செப்டம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் முன் இருக்கைக்குத் தோள் பெல்ட்டும், மோதலில் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும், இரட்டைப் பிரேக் அமைப்பும் புதிய கார்களில் கட்டாயமாயின. இருக்கையின் தலைதாங்கி கட்டாயமானது அதற்கும் ஓராண்டு கழித்து. ஆகவே பழைய வண்டி வாங்கத் தேடுபவர்களுக்கு, ஒரே அழகில் இரண்டு கிடைத்தால் 1968-க்குப் பிந்தையதை எடுங்கள் என்று சொல்வது என் வழக்கம். முந்தைய ஆண்டு வண்டிதான் வேண்டும் என்றால் அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு ஓட்டுங்கள்.

இதற்கு நேர்மாறான இன்னொரு கூட்டமும் உண்டு. பழைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் புதிய மஸ்டாங்கிலோ டாட்ஜ் சேலஞ்சரிலோ ஏறியதும், "கம்ப்யூட்டர் எதுக்கு, எனக்கு ஓட்டத் தெரியும்" என்று, வண்டி வழுக்கும்போது தானே இயங்கி அதை நேராக்கும் நிலைப்புக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுகிறார்கள். 1965 மஸ்டாங்கின் சக்திவாய்ந்த 289 கன அங்குல எஞ்சினுக்கு 271 குதிரைசக்தி என்று விளம்பரம் சொன்னது. அது விசிறி, டைனமோ, சைலன்சர் எதுவும் பூட்டாமல் எஞ்சினை மேசையில் வைத்து அளந்த கணக்கு. 1972 முதல் வண்டியில் இருக்கும் நிலையில் அளக்கத் தொடங்கியதும் எல்லா எண்களும் சட்டென்று இறங்கின. இன்றைய ஜி.டி.யின் 480 குதிரைசக்தி இந்தக் கடுமையான கணக்கின்படி. 2015-இல் வந்த சேலஞ்சர் ஹெல்கேட்டுக்கு 707. இந்த அளவு விசையைக் குளிர்ந்த டயரில் ஒரே மிதியில் இறக்கினால் வண்டியின் பின்புறம் முன்னால் வந்து நிற்கும். கார் திருவிழா முடிந்து கிளம்பும் வாசலிலேயே கூட்டத்துக்குள் பாயும் வண்டிகள் இப்படிப் பாய்பவைதாம். கோடைக்கால டயர்கள் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே பிடிப்பை இழக்கும். மிச்சிகன் ஏப்ரல் காலையில் அந்த வெப்பநிலை சர்வசாதாரணம். நிலைப்புக் கட்டுப்பாட்டை அணைக்கும் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். 2005 முதல் 2014 வரையிலான மஸ்டாங் வைத்திருப்பவர்கள் இன்றே வண்டி எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் இட்டுப் பாருங்கள். வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை எறியக்கூடிய டகாட்டா ஏர்பேக் திரும்பப்பெறுதலில் அந்த வண்டிகள் அடங்கும், மாற்றித் தருவதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

பழைய வண்டிக்காரர்கள் முதலில் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பூட்டுங்கள். பல மாடல்களுக்கு ஆயத்தத் தொகுப்பாகவே கிடைக்கின்றன, வண்டியின் தோற்றம் மாறாது, பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிரம் பிரேக்கையே வைத்திருப்பேன் என்பவர்கள், நீண்ட இறக்கத்தில் அது சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதையும், தேங்கிய நீரில் இறங்கி ஏறியதும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதையும் நினைவில் வைத்து இடைவெளி விட்டு ஓட்டட்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களை அரிப்பதால் அவற்றையும் புதியவையாக்குங்கள், உள்ளே ஒரு தீயணைப்பான் வையுங்கள், டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் நடுவே வைக்கும் எஃகுத் தடுப்புத் தகட்டையும் கேட்டு வாங்குங்கள்.

சீட் பெல்ட் விஷயத்தில் என்னோடு பேரம் பேச வேண்டாம். மூன்று முனைப் பெல்ட் பூட்டும்போது அடியில் வலுவூட்டும் தகடு வைத்துப் பூட்ட வேண்டும். வெறும் தரைத்தகட்டில் ஓட்டை போட்டுப் போல்ட் இறுக்கிவிட்டு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், அது பெல்ட் கட்டிய மனநிறைவை மட்டும் தரும். இந்த மாநிலத்தில் பனிக்காலமெல்லாம் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், ஆண்டுதோறும் வண்டிப் பரிசோதனை என்பதும் கிடையாது. ஆகையால் தரையைத் துரு தின்றிருக்கிறதா என்று கம்பளத்தைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. பெல்ட் இல்லாமல் வந்த வண்டிக்குச் சட்டம் விலக்கு தரலாம், மோதல் தராது. குழந்தை இருக்கையை உறுதியாகக் கட்ட இடமில்லாத வண்டியில், பக்கத்துத் தெரு ஐஸ்கிரீம் கடைவரைகூடக் குழந்தைகளை ஏற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்டு மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்டு அவென்யூவில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கு வண்டியை எடுக்க நினைப்பவர்கள், அதற்கு முந்தைய வாரம் என் வாசலில் வரிசையில் வந்து நிற்காதீர்கள். பிரேக் பாகங்கள் வந்துசேரவே நாளாகும், பூட்டிய பிறகு ஆளில்லாச் சாலையில் ஓட்டிப் பார்த்து மறுபடியும் இறுக்க வேண்டிய இணைப்புகள் இருக்கும். மே மாதத்திலேயே கொண்டுவாருங்கள். விற்றவர் டயரைப் பற்றி என்ன சொன்னார் என்பதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.